டிசம்பர் பூவும் கனகாம்பரமும் தானாக முளைக்கும் பாத்தி

டிசம்பர் பூச்செடியின் காய் வெடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பூ உதிர்ந்த பிறகு, ஓரத்தில் சின்னச் சின்ன முள் உள்ள இரண்டு அகலமான புல்லிகளுக்கு நடுவே காய் நிற்கும். வழவழப்பாக, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். பச்சை மாறிப் பழுப்பாகி நன்றாகக் காய்ந்ததும் 'டப்' என்று நெடுக்கில் இரண்டாகப் பிளக்கும். உள்ளே நான்கு விதைகள். ஒவ்வொரு விதைக்கும் அடியில் வளைந்த கொக்கி ஒன்று இருக்கிறது, அதுதான் விதையை உந்தி வெளியே எறிகிறது. எங்கள் வீட்டில் நாலைந்து அடி தள்ளி, வராந்தாப் படியில்கூட வந்து விழுந்திருக்கிறது. தட்டையான அந்த விதையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், மேலே படிந்திருக்கும் நுண்ணிய ரோமங்கள் எழுந்து கொழகொழவென்று ஆகும். மழை பெய்தால் விதை அடித்துக்கொண்டு போகாமல் விழுந்த இடத்திலேயே மண்ணோடு ஒட்டிக்கொள்வதற்கு இந்த ஏற்பாடு.

இவ்வளவும் செடியே செய்துகொள்கிறது. அப்படியிருக்க நாம் ஆண்டுதோறும் நர்சரிக்குப் போய் அதே செடியைக் காசு கொடுத்து வாங்கி வருகிறோம். காரணம், விதை விழும் நேரத்தில் பெருக்கிவிடுகிறோம். தப்பி முளைத்ததைக் களை என்று பிடுங்கிவிடுகிறோம். எப்போது துடைப்பத்தை எடுக்கக் கூடாது, முளைத்ததில் எது நம் நாற்று என்று தெரிந்துகொண்டால் போதும், பாத்தி தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும். கொளத்தூரில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய பாத்தியில் இது எப்படி நடக்கிறது என்பதை எழுதிவைக்கிறேன்.

முதலில் மண். சென்னை மண் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் பக்கம் மணல். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. கொளத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர், மேற்கு மாம்பலம் எல்லாம் களிமண். களிமண்ணில் சத்து இருக்கிறது, ஈரமும் நிற்கும். ஆனால் கத்திரி வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் தண்ணீரைக் கீழே விடாமல் தேக்கிவைக்கும். தானாக முளைக்கிற செடிக்கு இதைவிடப் பெரிய தொல்லை மேலே உட்காரும் ஏடுதான். ஒரு மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்தால் களிமண்ணின் மேல்பரப்பு இறுகிவிடும். கனகாம்பரம் மாதிரி மெல்லிய முளை அதைப் பிளந்துகொண்டு வராது.

பாத்தி இருபதடி நீளம், மூன்றடி அகலம். காலையிலிருந்து மதியம் வரை வெயில் விழும், அப்புறம் சுவரின் நிழல். வீடு கட்டியபோது கொட்டிய ஜல்லி, சிமெண்டுக் கட்டி, ஓடு எல்லாம் ஒரு அடி ஆழம் வரை இருந்தது. இதைப் பொறுக்கி எடுப்பது முதுகை ஒடிக்கிற வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாது. சிமெண்டும் சுண்ணாம்பும் கிடந்தால் மண் காரத்தன்மை ஏறி, கனகாம்பரத்தின் இலை வெளிறிப்போகும். எடுத்த இடத்தில் செம்மண், மட்கிய தொழு உரம், இலை மட்கு மூன்றையும் பழைய களிமண்ணோடு கொத்திக் கலந்தோம். வேப்பம் புண்ணாக்கும் தூவினோம். பாத்தியைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கும் பக்கம் லேசாகச் சரிவு கொடுத்தோம். 2003-ல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழி அது. பாத்தியில் தேங்க வேண்டிய தண்ணீரையும் இப்போது அதுதான் வாங்கிக்கொள்கிறது. கடைசியாக, மேலே ஒரு அங்குலத்துக்கு மட்டும் மணலும் சலித்த இலை மட்கும் சமமாகக் கலந்து பரப்பினோம். விதை விழுவதும் முளைப்பதும் இந்த ஒரு அங்குலத்தில்தான். ஆண்டுக்கு ஒருமுறை, ஆனி மாதத்தில், இதை மட்டும் புதுப்பித்தால் ஏடு கட்டாது.

எந்தச் செடி என்பதில் கனகாம்பரத்தைப் பற்றி முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். நர்சரியில் பெரும்பாலும் கிடைப்பது டெல்லி கனகாம்பரம். பூ பெரிசு, நிறம் அழகு, ஆனால் அது மும்மய ரகம் (இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதி உள்ளது), விதை பிடிக்காது. போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, வைத்துத்தான் பெருக்க முடியும். தானாக முளைக்க வேண்டுமென்றால் நாட்டுக் கனகாம்பரம் கேட்டு வாங்க வேண்டும். பூ சற்றுச் சிறிசாக இருக்கும், ஆனால் கதிர் முழுக்கக் காய் பிடிக்கும். வாங்கும்போதே கீழ்க்கதிரில் காய்ந்த காய் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இருந்தால் அது விதை பிடிக்கிற செடி. நித்திய கல்யாணியிலும் இப்படித்தான். பளிச்சென்று பெரிய பூவோடு தொட்டியில் விற்கிற கலப்பின ரகங்களின் விதை முளைத்தாலும் தாய்ச்செடி மாதிரி வராது. தெருவோரத்தில் சுவர் வெடிப்பில் நிற்குமே, அந்த இளஞ்சிவப்பும் வெள்ளையும்தான் நம்பிக்கையானது.

எங்கள் பாத்தியில் பின்வரிசையில் ஊதாவும் வெள்ளையுமாக டிசம்பர் பூ. ஆங்கிலத்தில் இதற்குப் பிலிப்பைன்ஸ் வயலெட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் இந்தியா, மியன்மர், தென்சீனப் பக்கத்துச் செடி. முன்னால் கனகாம்பரம், நித்திய கல்யாணி. ஒரு ஓரத்தில் அந்திமந்தாரை. சுவரின் அடியில் டர்னேரா, காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் வெளிர்மஞ்சள் பூ. இதில் டர்னேராவை நாங்கள் ஒரே இடத்தில்தான் வைத்தோம். அதன் விதையில் ஒட்டியிருக்கும் சதைப்பற்றுக்காக எறும்புகள் அதை இழுத்துக்கொண்டு போகும், சதையைத் தின்றுவிட்டு விதையைப் புற்று வாயில் போட்டுவிடும். எங்கள் சுவரோரம் எறும்பு ஊரும் தடம் எதுவோ அந்த வழி நெடுக இப்போது டர்னேரா நிற்கிறது.

சரி, துடைப்பம் எடுக்காத காலம் எது? டிசம்பர் பூ கார்த்திகை, மார்கழியில் பூத்துத் தள்ளும். தை பிறந்ததும் காய் தெரியும், மாசி முழுக்க வெடிக்கும். ஆகவே தையிலிருந்து பங்குனி வரை சுவரோரம் பெருக்கக் கூடாது. இதற்கு வீட்டில் எல்லோரையும் சம்மதிக்க வைக்க வேண்டும். வேலைக்கு உதவ வரும் அக்காவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இன்னாம்மா, சருகு அப்படியே கெடக்குது. பார்க்கிறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"அதுக்குள்ள விதை இருக்குக்கா. செவுத்தோரம் மட்டும் விட்டுடுங்க, மத்த இடம் எப்பவும்போல பெருக்குங்க."

சருகும் அங்கேயே கிடப்பது நல்லதுதான். சித்திரை, வைகாசி வெயிலில் வெறும் மண்ணாகக் கிடந்தால் விதை வறுபட்டுவிடும். ஒரு விரற்கடை சருகு மேலே இருந்தால் மண் அவ்வளவு சுடாது. ஆனால் அந்தச் சருகை எப்போது விலக்குவது என்பதும் முக்கியம். ஆனிக் கடைசியில், சாயங்கால இடிமழை ஒன்றிரண்டு விழுந்ததும், கையால் அள்ளி எடுத்துவிட வேண்டும். தடிமனாகச் சருகு மூடியிருந்தால் களை வராது என்பார்கள், அதே காரணத்தால் நம் நாற்றும் வராது.

இந்த நேரக் கணக்கு சென்னைக்கே உரியது. இங்கே ஆண்டு மழை கிட்டத்தட்ட 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மழையில் முளைக்கிற நாற்று பெரும்பாலும் அழுகிப்போகும். ஆடி, ஆவணியில் வரும் சாயங்கால மழைதான் நாற்றுக்கு ஏற்றது. பகலில் வெயில், இரவில் ஈரம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் நெல்லுக்கும் காய்கறிக்கும் சொன்னாலும், கனகாம்பரத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. ஆடியில் முளைத்தால் வடகிழக்குப் பருவமழைக்குள் தண்டு பென்சில் கனம் வந்துவிடும், எந்த அடைமழையையும் தாங்கும். மழை பொய்க்கும் ஆடியில் நாங்கள் பூவாளியால் மாலையில் தெளித்துக் கொடுப்போம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நாற்றுக்கு ஊற்ற வேண்டாம். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் உத்தமம்.

கனகாம்பரம் டிசம்பர் பூ மாதிரி வெயிலுக்குக் காத்திருப்பதில்லை. அதன் காய்க்கு ஈரம் பட வேண்டும். காய்ந்த கதிரில் மழைத்துளி விழுந்தாலோ நாம் தண்ணீர் தெளித்தாலோ சற்று நேரத்தில் படபடவென்று வெடிக்கும். பட்டாசுக்காய்ச் செடியின் காயை வாயில் எச்சில் தொட்டுப் போட்டு வெடிக்கவிட்டு விளையாடியவர்களுக்கு இது புரியும். இரண்டும் டிசம்பர் பூவும் ஒரே குடும்பம். இதிலிருந்து ஒரு வசதி கிடைக்கிறது: விதை எங்கே விழ வேண்டும் என்பதை நாமே ஓரளவு தீர்மானிக்கலாம். பாத்தியில் வெறுமையாக இருக்கும் இடத்தில் காய்ந்த கதிர்களை வெட்டி நட்டுவைத்து, மேலே தண்ணீர் தெளித்தால் சுற்றி விதை சிதறும். யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் கதிரை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, மேலே துணி கட்டிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே தாளம் கேட்கும். விதையை உடனே நிழலில் உலர்த்திவிட வேண்டும்.

ஆடி நடுவில் பாத்தி முழுக்கப் பச்சைப் புள்ளிகள் தெரியும். இங்கேதான் பொறுமை வேண்டும். முதல் இரண்டு இலை விதையிலை, அதை வைத்துப் பெரும்பாலும் முடிவெடுக்க முடியாது. அடுத்த ஜோடி இலை வரட்டும். டிசம்பர் பூ நாற்றில் உண்மையான இலையைத் தொட்டால் சொரசொரப்பாக, மேலே படிந்த ரோமம் கைக்குத் தெரியும். பட்டாசுக்காய் நாற்று அதற்குப் பக்கத்திலேயே அதே உயரத்தில் வரும், ஆனால் இலை ஓரம் அலையலையாக இருக்கும், பிடுங்கினால் வேர் சின்னக் கிழங்காகத் தடித்திருக்கும். கனகாம்பரத்தின் இலை கரும்பச்சையாகப் பளபளக்கும். நித்திய கல்யாணியின் இலையில் நடு நரம்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதில் இன்னொன்றும் உண்டு: தண்டு சிவந்திருந்தால் இளஞ்சிவப்புப் பூ, தண்டு வெறும் பச்சையாக இருந்தால் வெள்ளைப் பூ. பூக்கிற வரை காத்திருக்காமல், நாற்றாக இருக்கும்போதே எந்த நிறத்தை எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்யலாம்.

அந்திமந்தாரையின் விதை மிளகு மாதிரி கறுத்துச் சுருங்கி, பெரிதாகவும் இருப்பதால் அதன் முளையும் பெரிதாகவே வரும். விதையிலை இரண்டும் ஒரே அளவில் இருக்காது, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அதே குடும்பத்துக் களை ஒன்று உண்டு, மூக்கிரட்டை. அதை எனக்கு நன்றாகக் காட்டிக்கொடுத்தது துடைப்பத்தோடு கோபித்துக்கொண்ட அதே அக்காதான். "இது மூக்கிரட்டைம்மா, பருப்புல போட்டுக் கடையலாம்" என்று தரையோடு படர்ந்ததை எல்லாம் மடியில் கட்டிக்கொண்டு போனார். குப்பைமேனி, கீழாநெல்லி, நாயுருவி எது எது என்று அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். இப்போது களை எடுப்பது இரண்டு பேரும் சேர்ந்துதான். (அந்திமந்தாரையின் விதையும் கிழங்கும் நஞ்சு. நித்திய கல்யாணி முழுச் செடியுமே அப்படி. அதிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுக்கிறார்கள் என்பதற்காக யாரும் வீட்டில் கஷாயம் வைக்கக் கூடாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரண்டையும் எட்டாத பக்கம் வையுங்கள்.)

அடுத்தது கலைப்பு. பத்து நாற்று முளைத்தால் ஒன்றிரண்டைத்தான் அங்கே விட முடியும். டிசம்பர் பூவுக்குச் செடிக்குச் செடி இரண்டடி, கனகாம்பரத்துக்கு ஒரு அடி. மனசு வராதுதான், ஆனால் நெருக்கமாக விட்டால் காற்றோட்டமில்லாமல் மாவுப்பூச்சி வந்துவிடும். நாலு இலை, ஆறு இலையில் இருக்கும்போது, மேகமூட்டமான சாயங்காலத்தில், பழைய கரண்டியால் மண்ணோடு பெயர்த்து இடம் மாற்றினால் வாடாமல் பிடித்துக்கொள்ளும். அந்திமந்தாரையை மட்டும் இன்னும் சின்னதாகவே மாற்றிவிட வேண்டும். கிழங்கு இறங்கிவிட்டால் பெயர்ப்பது கஷ்டம். மிஞ்சியதைத் தயிர் கப்பில் வைத்துத் தெருவில் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். கவாத்து பங்குனியில்தான், காயெல்லாம் வெடித்த பிறகு. பூ முடிந்ததும் தை மாதத்திலேயே அழகுக்காக வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டு நாற்றை வெட்டிய கணக்கு.

நாற்றுக்குப் பெரிய எதிரி நத்தை. ஆப்பிரிக்க ராட்சத நத்தை மழைக்காலத்தில் ஒரே இரவில் ஒரு வரிசை நாற்றைத் தண்டோடு மேய்ந்துவிடும். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போடுவதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. கையுறை கட்டாயம், அந்த நத்தை மனிதருக்கு நோய் தரும் புழுவைச் சுமக்கக்கூடியது. மண்ணில் நேரடியாக உப்பைத் தூவ வேண்டாம், செடிக்குத்தான் கேடு. கனகாம்பரத்தில் செடி மட்டும் மெலிந்து, இலை மஞ்சளாகி நின்றால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த இடத்தில் கொஞ்ச காலம் கனகாம்பரத்தை விடாமல் துலுக்கச் சாமந்தி போட்டு, வேப்பம் புண்ணாக்கும் கொடுத்தால் குறையும். துலுக்கச் சாமந்தியும் தானாக முளைப்பதுதான், அதனால் அதையும் ஒருமுறை போட்டால் போதும்.

டிசம்பர் பூ இலையை முள் முள்ளான கறுப்புப் புழு தின்றால் மருந்து அடிக்காதீர்கள். இறக்கையில் கண் மாதிரி வட்டம் உள்ள பான்சிப் பட்டாம்பூச்சிகளின் புழு அது. டர்னேராவில் இருப்பது செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சியினுடையது. கொஞ்சம் இலை போகும், செடி போகாது. சுவரோரம் முழுக்க இறக்கை பறக்கிற காலையைப் பார்த்தவர்கள் மருந்து டப்பாவைத் தொட மாட்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கத்தில் தண்ணீர் சில நாள் வடியவே இல்லை. அரை அடி உயர்த்திய பாத்தியும் முழுகிவிட்டது. பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்த டிசம்பர் பூச்செடிகள் பாதிக்கு மேல் வேர் மூச்சுவிட முடியாமல் கருகின. அந்திமந்தாரைக் கிழங்கு எல்லாம் கூழாகிவிட்டது. வண்டல் படிந்து, பார்க்கவே வயிற்றைக் கலக்கும்படி இருந்தது பாத்தி. காய்ந்த செடிகளை வெட்டி எடுத்தோம், வேர்களை அப்படியே மண்ணில் விட்டோம், படிந்த வண்டலை மட்டும் லேசாகக் கொத்தி மட்கு கலந்தோம். புதுச் செடி வாங்கவில்லை. அடுத்த ஆடியில் நித்திய கல்யாணி முதலில் வந்தது, பிறகு கனகாம்பரம், வண்டல் மெலிதாக இருந்த சுவர்ப் பக்கம் அந்திமந்தாரை. டிசம்பர் பூ தப்பித்த செடிகளின் விதையில் வந்தது, மெதுவாகத்தான். இரண்டாவது மார்கழியில் பின்வரிசை மறுபடி நிறைந்துவிட்டது.

தானாக முளைக்கும் என்பதற்காக எதையும் விட்டுவிடவும் கூடாது. உண்ணிச்செடியைப் பாத்தியில் அண்ட விடாதீர்கள். பழத்தைப் பறவைகள் தின்று ஊரெங்கும் பரப்பும். முதுமலை, நீலகிரிப் பக்கத்துக் காடுகளில் அது செய்திருக்கும் சேதம் போதும். மஞ்சள் மணிப் பூவாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் டெகோமாவின் விதைக்கு இறக்கை உண்டு, காற்றில் பறந்து பக்கத்து வீட்டு மாடிச் சுவர் வெடிப்பில் வேர் இறக்கும். வைத்தே தீர வேண்டுமென்றால் நீளக் காய் பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். மயில்கொன்றை அழகுதான், காயும் முறுக்கிக்கொண்டு வெடிக்கும், ஆனால் மூன்றடிப் பாத்திக்கு அது பெரிய செடி.

இப்போது கேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் நிற்காத, ஜல்லி கலந்த ஒரு மூலை மிச்சம் இருக்கிறது. அங்கே ஆவாரை போட்டிருக்கிறேன். அதன் விதைத்தோல் கெட்டி, விழுந்த உடனே முளைக்காது. முதல் தலைமுறைக்கு மட்டும் விதையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு இரவு ஊறவைத்து ஊன்றினேன். முளைத்து நிற்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வீட்டிலேயே ஆவாரம்பூ பறிக்க இன்னும் ஓராண்டு ஆகலாம், அதுவரை அந்த மூலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.